காப்பிப் பழத்திலிருந்து கப்பல் வரை: பிளாக்செயினில் எதை ஏற்றுவது, எதை வெளியே வைப்பது?

பழக்கூடை எழுதியது:

நண்பர்களே, ஒரு வடிவமைப்பை உங்கள் முன் வைக்கிறேன். ஓட்டைகளைத் தயங்காமல் காட்டுங்கள்.

1,800 சிறு விவசாயிகள், 6 கொள்முதல் நிலையங்கள், 2 பல்ப்பிங் நிலையங்கள் (பழத்தின் தோலை உரிப்பவை), ஒரு க்யூரிங் ஆலை (காய்ந்த கொட்டையின் மேலோட்டை நீக்கித் தரம் பிரிப்பது), ஒரு ஏற்றுமதியாளர், வெளிநாட்டில் 3 வாங்குவோர். காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்கிறார்கள் வாங்குவோர். கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கார்பன் என்ற கணக்கும் வேண்டுமாம்.

இப்போதைய திட்டம்: ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக், அதாவது அனுமதி பெற்ற தரப்புகள் மட்டும் சேர்ந்து நடத்தும் பிளாக்செயின் மென்பொருள். எடைச் சீட்டு, நில எல்லை வரைபடம், சான்றிதழ் பிடிஎஃப், மூட்டையின் புகைப்படம் எல்லாமே சங்கிலிக்குள். சீசன் ஏறக்குறைய 90 நாள், உச்சத்தில் நாளுக்கு 1,800 எடைச் சீட்டு.

கேள்விகள்: எதை உள்ளே வைக்கலாம்? சிக்னல் இல்லாத கொள்முதல் நிலையத்தில் என்ன செய்வது? எது முதலில் உடையும்?

---

எடைக்கல் எழுதியது:

முதலில் உடையப்போவது மென்பொருள் அல்ல, தராசு.

பிளாக்செயின் ஒரே ஒரு வேலைக்கு உத்தரவாதம் தருகிறது: எழுதியதைப் பிறகு யாரும் ரகசியமாக மாற்ற முடியாது. எழுதும்போதே பொய்யாக இருந்தால் அந்தப் பொய்யையும் அதே பத்திரத்தோடு காப்பாற்றும். இந்தத் தொழிலில் பொய் நுழையும் வாசல் பெரும்பாலும் ஒன்றுதான். பதிவில்லாத நிலத்தின் பழம், பதிவுள்ள விவசாயியின் பெயரில் உள்ளே வரும். ஆகவே கணக்கை இரண்டு இடத்தில் பூட்ட வேண்டும்.

ஒன்று, விவசாயி அளவில் உச்சவரம்பு. நிலப்பரப்பை அந்த வட்டாரத்தின் அதிகபட்ச விளைச்சலால் பெருக்குங்கள். ஹெக்டேருக்கு 6,000 கிலோ பழம் என்று வைத்துக்கொண்டால் 0.8 ஹெக்டேர்காரருக்கு வரம்பு 4,800 கிலோ. அவர் பெயரில் 9 டன் வந்தால் சங்கிலியின் விதி அதை ஏற்கக் கூடாது.

இரண்டு, ஆலை அளவில் மாற்று விகிதம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஈர முறையில் (தண்ணீர் விட்டுத் தோலுரிக்கும் முறை) ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு (வறுக்காத காப்பிக் கொட்டை) ஏறத்தாழ 5 முதல் 6.5 கிலோ பழம் வேண்டும் என்று ஒரு ஜன்னல் (ஏற்கத்தக்க இடைவெளி) வைத்துவிட்டு நிம்மதியாகி விடுவார்கள். 1,00,000 கிலோ பழம் உள்ளே போகிறது, உண்மையான விகிதம் 6.2 என்று வையுங்கள். வெளியே வர வேண்டியது 16,129 கிலோ. ஆலை 5.2 என்று கணக்குக் காட்டினால் 19,231 கிலோ. இரண்டும் ஜன்னலுக்குள்ளேயே இருக்கின்றன, விதி ஒன்றும் சொல்லாது. ஆனால் நடுவே 3,102 கிலோ, அதாவது 60 கிலோ மூட்டையில் 51க்கு மேல், எங்கிருந்து வந்தது என்று தெரியாத காப்பி. எனவே பொது ஜன்னலை நம்பாதீர்கள். அந்தந்த ஆலையின் சொந்த விகிதத்தை வாரம் ஒருமுறை, மேற்பார்வையில், எடுத்துக்கொண்ட 500 கிலோ பழத்தை முழுக்க ஓட்டிப் பார்த்து நிர்ணயியுங்கள். அதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த லாட் (ஒன்றாகக் கணக்கிடும் சரக்குத் தொகுதி) நிற்க வேண்டும்.

இன்னொன்று: பார்ச்மென்டை (தோல் நீங்கி மேலோட்டோடு இருக்கும் கொட்டை) எந்த ஈரப்பதத்தில் எடை போட்டார்கள் என்று எழுதாத பதிவுக்கு அர்த்தமே இல்லை. 52 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ இருந்தால் அதில் காய்ந்த பொருள் 480 கிலோதான். 11 சதவீதத்துக்குக் காய்ந்தபின் அது 539 கிலோ ஆகும். ஈரப்பதக் கட்டம் கட்டாயமில்லை என்று படிவத்தில் விட்டுவிட்டால் அந்த 461 கிலோ வித்தியாசத்துக்குள் என்ன வேண்டுமானாலும் ஒளியலாம்.

மிதவைப் பழத்தை மறக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியில் மிதப்பதைத் தனியாக எடுத்து வேறு தரமாக விற்பார்கள், ஏற்றுமதிக் கணக்கில் அது வராது. அதற்கும் ஒரு வெளியீட்டு வரி இல்லையென்றால் சமநிலை ஒருநாளும் உட்காராது.

---

பேரேடு எழுதியது:

எடைக்கல் சொன்னதில் ஒரு வரிகூட பிளாக்செயின் இல்லாமல் செய்ய முடியாதது அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வால்மார்ட் மாம்பழச் சோதனையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: ஒரு பொட்டலத்தின் மூலத்தைத் தேட 7 நாள் ஆனது 2.2 வினாடியாகக் குறைந்தது என்று. உண்மைதான். ஆனால் அந்த வேகம் வந்தது காகிதத்தை ஒழித்து எல்லோரையும் ஒரே வடிவத்தில் எழுத வைத்ததால். ஒழுங்கான எந்தத் தரவுத்தளமும் அந்தத் தேடலை அதே நேரத்தில் முடிக்கும். மறுபக்கம், கப்பல் சரக்கைப் பின்தொடர வந்த டிரேட்லென்ஸ் பிளாக்செயினைப் பாருங்கள். கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018இல் தொடங்கினார்கள், 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். தொழில்நுட்பம் ஓடாமல் மூடவில்லை. துறை முழுவதும் ஒத்துழைக்க முன்வரவில்லை என்றுதான் அவர்களே சொன்ன காரணம். போட்டியாளர் நடத்தும் பேரேட்டில் எழுத யாருக்கு மனம் வரும்?

பழக்கூடை, உங்களிடம் ஒரே கேள்வி. ஒருவரை ஒருவர் நம்பாமல், அதே பேரேட்டில் தாமே எழுதப் போகிறவர்கள் எத்தனை பேர்? ஏற்றுமதியாளர் மட்டுமே எழுதி மற்றவர்கள் படிக்கப் போகிறார்கள் என்றால் ஃபேப்ரிக் வேண்டாம். ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதில் சேர்க்க மட்டும் அனுமதிக்கும் ஒரு அட்டவணை, தினமும் இரவு அன்றைய பதிவுகளின் மெர்க்கல் வேரை (பதிவுகளின் ஹாஷ்களை இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போய்க் கடைசியில் கிடைக்கும் ஒற்றை ஹாஷ்; ஹாஷ் என்பது ஒரு தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒரு பொதுச் சங்கிலியில் பதித்துவிடுங்கள். 1,800 சீட்டு என்றால் மரத்தின் ஆழம் 11. ஒரு சீட்டு அன்று இருந்தது என்று நிரூபிக்க 11 ஹாஷ், மொத்தம் 352 பைட் போதும். வலைத்தளச் சான்றிதழ்களுக்கான வெளிப்படைப் பதிவேடுகள் பல ஆண்டுகளாக இந்த மெர்க்கல் மரத்தை வைத்துத்தான் ஓடுகின்றன.

---

பழக்கூடை எழுதியது:

நியாயமான கேள்வி, பேரேடு ஐயா. எழுதப்போவது ஐந்து தரப்பு: கொள்முதல் நிலையங்களை நடத்தும் விவசாயிகள் கூட்டமைப்பு, பல்ப்பிங் நிலையங்கள், க்யூரிங் ஆலை, ஏற்றுமதியாளர், சான்றளிக்கும் தணிக்கை நிறுவனம். ஆலையும் கூட்டமைப்பும் எடை விஷயத்தில் எப்போதும் முட்டிக்கொள்ளும் தரப்புகள். யார் வீட்டுக் கணினியில் தரவுத்தளம் இருந்தாலும் மற்றவர் ஏற்கமாட்டார்.

---

பேரேடு எழுதியது:

அப்படியென்றால் சரி. என் ஆட்சேபத்தில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி நிர்வாகம் பற்றியது, பின்னால் வருகிறேன்.

---

சங்கிலிக்கண்ணி எழுதியது:

உள்ளே எது, வெளியே எது என்ற கேள்விக்கு வருகிறேன்.

புகைப்படத்தை உள்ளே வைக்காதீர்கள். ஒரு படம் 2 எம்பி என்றால் உச்ச நாளுக்கு 3.6 ஜிபி, 90 நாளும் உச்சமென்றால் 324 ஜிபி. அது ஒரு கணுவுக்கு (வலையமைப்பில் ஒரு கணினிக்கு). ஐந்து தரப்பும் ஆளுக்கொரு பிரதி வைத்திருப்பார்கள், ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். இதை அழிக்கவும் முடியாது. பிடிஎஃப்புக்கும் இதே கதிதான். கோப்பு வெளியே சேமிப்பகத்தில், அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் உள்ளே.

சங்கிலிக்குள் போக வேண்டிய ஒரு எடைப் பதிவு இவ்வளவுதான்:

நிகழ்வு: பழம் ஏற்பு
சாதனம்: 04
வரிசை எண்: 000317
நிகழ்ந்த நேரம் / பதிவான நேரம்: இரண்டும் தனித்தனியே
மொத்த எடை: 43,650 கிராம்
சாக்கு எடை: 650 கிராம்
நிகர எடை: 43,000 கிராம்
தராசு நிலைத்ததா: ஆம்
நில அடையாளம்: பொருளற்ற ஒரு தற்போக்கு (ரேண்டம்) எண்
முந்தைய சீட்டின் ஹாஷ்
படக் கோப்பின் ஹாஷ்

எடை கிராமில், முழு எண்ணாக இருப்பதைக் கவனியுங்கள். 43.65 கிலோ என்று தசமத்தில் வைத்தால் கூட்டிக்கொண்டே போகும்போது கடைசி இலக்கம் நழுவும். சீசன் முடிவில் 0.0000001 கிலோ குறைகிறது என்று விதி ஒரு லாட்டை நிறுத்திவைக்கும், யாருக்கும் காரணம் புரியாது.

பெயர் வைக்கும் முறைக்கு பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் ஈபிசிஐஎஸ் 2.0ஐ (சரக்கு நகர்வு நிகழ்வுகளைப் பதியும் பொதுத் தரம்) எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தமாகக் கண்டுபிடிக்க வேண்டாம். பழம் பார்ச்மென்ட் ஆவது உருமாற்ற நிகழ்வு, மூட்டைகளைப் பேலட்டில் அடுக்குவது திரட்டு நிகழ்வு. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம். திரட்டியதைப் பிரிக்கலாம், உருமாறியதைத் திரும்பப் பழமாக்க முடியாது. கலந்து ஒன்றான லாட்டைத் திரட்டு நிகழ்வாக எழுதினால், பிறகு அதிலிருந்து "இந்த மூட்டை மட்டும் அந்த விவசாயியுடையது" என்று பிரித்துக் காட்ட மென்பொருளே வழிசெய்துவிடும். நிஜத்தில் அது நடக்கவே நடக்காது.

ஹாஷ் எடுக்கும்முன் ஜேசனை (பதிவை எழுதும் உரை வடிவம்) ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள், ஆர்எஃப்சி 8785 என்ற இணைய ஆவணத்தின் முறையில். கட்டங்களின் வரிசை மாறினாலோ ஒரு வெற்றிடம் கூடினாலோ ஹாஷ் வேறாகிவிடும். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் இன்னொரு வம்பு: "கொ" என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் கால்குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், பைட் வேறு. அந்த ஆர்எஃப்சி இதைச் சரிசெய்யாது. யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) நீங்களே முதலில் மாற்ற வேண்டும்.

---

பழக்கூடை எழுதியது:

நில எல்லையையும் அப்படியே ஹாஷாக மட்டும் வைத்தால் விவசாயியின் இருப்பிடம் பாதுகாப்பாக இருக்கும் அல்லவா?

---

வரைபடம்7 எழுதியது:

இருக்காது. ஹாஷ் என்றாலே மறைவு என்று நினைப்பது பொதுவான தவறு.

சிறு நிலம் ஒன்றுக்கு ஒரே புள்ளி, ஆறு தசம இலக்கம் என்று வையுங்கள். ஆறாவது இலக்கம் தரையில் ஏறத்தாழ 0.11 மீட்டர். காப்பி விளையும் வட்டாரம் 50 கிலோமீட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு சுமார் 4,50,000 சாத்தியம், இருபக்கமும் பெருக்கினால் 20,000 கோடிச் சொச்சம். பெரிய எண் போலத் தெரியும். நல்ல ஜிபியு (வரைகலைச் செயலி) ஒன்றுக்கு இது சில நிமிட வேலை. எல்லாப் புள்ளிகளையும் ஹாஷ் எடுத்து ஒப்பிட்டு நிலத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியாக 32 பைட் தற்போக்கு உப்பை (ரகசியமாகக் கலக்கும் எண்ணை) சேர்த்தே ஹாஷ் எடுக்க வேண்டும். அந்த உப்பு சங்கிலிக்கு வெளியே இருக்க வேண்டும்.

இனி எல்லை அளப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு ஒழுங்குமுறை 2023/1115ன்படி 4 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் முழு எல்லை வேண்டும், அதற்குள் இருந்தால் ஒரு புள்ளி போதும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலமாக இருக்கக் கூடாது. ஆனால் புள்ளி போதும் என்று சட்டம் சொன்னாலும் உங்களுக்குப் போதாது. எடைக்கல் சொன்ன உச்சவரம்புக்குப் பரப்பளவு தேவை. பரப்பளவை விவசாயி சொன்னபடி எழுதிக்கொண்டால் வரம்பும் அவர் சொன்னபடிதான்.

அளப்பதில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்:

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. ஜியோஜேசனில் (வரைபடத் தரவு வடிவம்) தீர்க்கரேகை முதலில் வரும், கைபேசிச் செயலிகள் பல அட்சரேகையை முதலில் தரும். மாறினால் நிலம் கடலுக்குள் போய் விழும். கடலில் விழுந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். வேறு கண்டத்தில் தரையில் விழுந்தால்தான் ஆபத்து, செயற்கைக்கோள் சோதனை அங்கே போய் "காடழிப்பு இல்லை" என்று நற்சான்று தந்துவிடும்.

எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டுவது. வேலியோரம் நடந்தவர் பாதியில் திரும்பினால் எட்டு போல முடிச்சு விழும். பரப்பு பாதியாகக் காட்டும், சில நேரம் சுழியம்.

நிழல் மரங்களின் அடியில் கைபேசி ஜிபிஎஸ் 5 முதல் 10 மீட்டர் வரை தடுமாறும். 100 மீட்டருக்கு 80 மீட்டர் நிலத்தில் அது பரப்பைக் கணிசமாக மாற்றும். ஒவ்வொரு மூலையிலும் 30 வினாடி நின்று சராசரி எடுக்கச் சொல்லுங்கள். நடந்துகொண்டே கோடு இழுப்பதை விட அது மேல்.

கடைசியாக, அடுத்தடுத்த நிலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது. 5 சதவீதத்துக்குள் என்றால் அளவைப் பிழை. 60 சதவீதம் ஏறினால் ஒரே நிலம் இரண்டு பெயரில் இரண்டு உச்சவரம்பு வாங்கியிருக்கிறது. இந்தச் சோதனையை ஹாஷ்மேல் செய்ய முடியாது என்பதையும் கவனியுங்கள். உண்மை எல்லைகளை ஒரே இடத்தில் வைத்து, தணிக்கை நிறுவனம் செய்ய வேண்டும்.

---

பேரேடு எழுதியது:

வரைபடம் அம்மா சொன்ன உப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு விவசாயி விலகி, தன் தகவலை அழிக்கச் சொன்னால் வெளியே இருக்கும் எல்லையையும் உப்பையும் அழித்துவிடலாம். உள்ளே மிஞ்சும் ஹாஷ் யாரையும் சுட்டாது. ஃபேப்ரிக் 2.5இல் தனிப்பட்ட தரவுத் தொகுப்பிலிருந்து (சில தரப்புகள் மட்டும் பார்க்கும் பகுதி) கேட்டவுடன் துடைத்தெறியும் வசதியும் வந்துவிட்டது. ஆனால் அவருடைய எடைச் சீட்டுகளின் கூட்டுத்தொகை லாட்டில் இருந்தாக வேண்டும். அதனால்தான் நில அடையாளம் பொருளற்ற எண்ணாக இருக்க வேண்டும் என்றார் சங்கிலிக்கண்ணி. அடையாள அட்டை எண்ணை அங்கே போடுகிறவர்களும் இருக்கிறார்கள், கடவுள் காப்பாற்றட்டும்.

---

சங்கிலிக்கண்ணி எழுதியது:

அடுத்து, ஃபேப்ரிக்கில் உண்மையாகவே மாட்டும் இடங்கள்.

ஒரு லாட்டின் இருப்பை ஒரே சாவியில் (பேரேட்டில் ஒரு மதிப்பின் பெயர்) வைத்து, 6 நிலையங்களும் அதைக் கூட்டிக்கொண்டிருந்தால், எம்விசிசி முரண் (ஒரே மதிப்பை இருவர் ஒரே நேரத்தில் திருத்தும் மோதல்) வரும். இரண்டு பரிவர்த்தனைகள் ஒரே பதிப்பைப் படித்துவிட்டு ஒரே கட்டத்துக்குள் (பிளாக்) வந்தால் முதலாவது செல்லும், இரண்டாவது செல்லாது. மாதிரி அமைப்பில் ஒரு கட்டம் மூட 2 வினாடி. மாலை 4 மணிக்கு எல்லா நிலையத்திலும் வரிசை நிற்கும்போது சில பரிவர்த்தனைகள் தோற்கும். இதில் கொடுமை என்னவென்றால், செயலி ஒப்புதல் பதிலை மட்டும் பார்த்துவிட்டுப் பச்சை டிக் காட்டிவிடும். கட்டத்தில் சேர்ந்தபின் வரும் இறுதி நிலையைக் கேட்டே சீட்டு அச்சடிக்க வேண்டும்.

வழக்கமான மருந்து: இருப்பைத் திருத்தாமல் ஒவ்வொரு வரவையும் தனிச் சாவியாக எழுதி, தேவைப்படும்போது கூட்டுவது.

---

எடைக்கல் எழுதியது:

அப்படிச் செய்தால் என் உச்சவரம்பு போச்சே! மொத்தத்தைப் படிக்காமல் வரம்பு தாண்டியதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? எல்லா வரவுச் சாவிகளையும் படித்துக் கூட்டினால் மறுபடி அதே முரண்தானே?

---

சங்கிலிக்கண்ணி எழுதியது:

ஆமாம், வரிசையாகத் தேடிப் படிக்கும்போது இடையில் புதுச் சாவி நுழைந்தால் அதுவும் தோற்கும். அதனால் இரண்டையும் பிரியுங்கள். உச்சவரம்பு இருப்பை விவசாயிக்கு ஒரு சாவியாக வைத்துத் திருத்துங்கள். ஒரே விவசாயி 2 வினாடிக்குள் இரண்டு நிலையத்தில் எடை போடமாட்டார், முரண் வராது. வந்தால் அதுவே விசாரிக்க வேண்டிய விஷயம். லாட் கணக்கு மட்டும் வரவுச் சாவிகளாக இருக்கட்டும், அன்றிரவு லாட்டை மூடும்போது ஒருமுறை கூட்டினால் போதும்.

இன்னும் இரண்டு. ஒப்பந்த நிரலுக்குள் கணினியின் கடிகாரத்தை அழைக்காதீர்கள். ஒவ்வொரு கணுவும் வேறு நேரம் சொல்லும், ஒப்புதல்கள் பொருந்தாது. பரிவர்த்தனையோடு வரும் நேரத்தை எடுங்கள். கோ நிரல்மொழியில் எழுதினால் மேப்பை (சாவி-மதிப்புத் தொகுப்பு) வரிசையின்றிச் சுற்றுவதும் அதே நோயைத் தரும், சோதனையில் ஒழுங்காக ஓடி நேரடி ஓட்டத்தில் எப்போதாவது மட்டும் தோற்கும். தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும்.

---

எடைக்கல் எழுதியது:

ஒப்புக்கொண்டேன். சிக்னல் இல்லாத நிலையத்துக்கு வருவோம்.

தராசிலிருந்து எடையைக் கையால் தட்டச்சு செய்யக் கூடாது. ஆர்எஸ்-232 கம்பியோ புளூடூத்தோ வழியே நேராக வர வேண்டும். எண் மட்டும் வந்தால் போதாது, தராசு அசைவின்றி நின்றது என்ற குறியும் கூட வர வேண்டும். மூட்டையை வைக்கும் வேகத்தில் முள் எகிறும் தருணத்தில் பொத்தானை அழுத்தினால் 2 கிலோ கூடிவிடும். கம்பி பழுதானால் கையால் பதிய அனுமதிக்கத்தான் வேண்டும், ஆனால் "கைப்பதிவு" என்ற குறியோடு. ஒரு நிலையத்தில் கைப்பதிவு நாளுக்கு 2 சதவீதம் தாண்டினால் அந்தத் தராசு உண்மையாகப் பழுதா, ஆள் பழுதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

சாதனத்துக்குள் ஒரு குட்டிச் சங்கிலி: ஒவ்வொரு சீட்டிலும் முந்தைய சீட்டின் ஹாஷ், மேலே 317 என்று இருக்கும் ஓடும் எண். நாள் முழுக்க இணையம் இல்லாவிட்டாலும் வரிசை உடையாது. 316க்குப் பிறகு 318 வந்தால் நடுவில் ஒன்று போயிருக்கிறது. சாதன எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்ததே சங்கிலியில் சாவி. இணையம் வந்து இருமுறை அனுப்பினாலும் இரண்டாவது தானாகத் தள்ளப்படும்.

இதில் விவசாயியே சிறந்த காவலர். வெப்பத்தாள் சீட்டில் நிகர எடையும் ஹாஷின் முதல் 8 எழுத்தும் அச்சாகட்டும். ஆலை பிறகு எண்ணை மாற்றினால் அவர் கையில் இருக்கும் சீட்டோடு பொருந்தாது. வெப்பத்தாள் எழுத்து வெயிலில் சில வாரத்தில் மங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் பிரதித் தாள் இருந்தால் நல்லது.

---

ஓரக்கண் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மரத்தைக் காப்பாற்ற மின்சாரத்தைக் கொளுத்தும் பிளாக்செயினா?

---

பேரேடு எழுதியது:

அது பிட்காயின் போல வேலைச் சான்று முறையில் (கணினிகள் கடினப் புதிரைத் தீர்த்துப் போட்டியிடும் முறை) ஓடும் சங்கிலிகளுக்குப் பொருந்தும். எத்தேரியம் 2022 செப்டம்பர் 15 அன்று பங்குச் சான்று முறைக்கு (பணத்தைப் பிணையாக வைத்துச் சரிபார்க்கும் முறை) மாறியதில் மின் செலவு ஏறத்தாழ 99.95 சதவீதம் குறைந்துவிட்டது. ஃபேப்ரிக்கில் சுரங்க வேலையே கிடையாது, ஐந்து சாதாரண சர்வர்கள். க்யூரிங் ஆலையின் உலர்த்தி ஒன்று இதைவிடப் பல மடங்கு இழுக்கும்.

---

கரிக்கணக்கு எழுதியது:

உலர்த்தி என்றதும் வந்துவிட்டேன். கிலோவுக்கு இவ்வளவு கார்பன் என்று ஒரே எண்ணைச் சங்கிலியில் பூட்டினால், ஒரு தவறான எண்ணை நிரந்தரமாக்கியிருப்பீர்கள்.

பல்ப்பிங் கழிவுநீர்க் குட்டையிலிருந்து மீத்தேன் வரும். 10 கிலோ மீத்தேன் என்று வையுங்கள். ஐபிசிசியின் (ஐ.நா. காலநிலை அறிவியல் குழு) நான்காம் அறிக்கைக் காரணி 25 போட்டால் 250 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஐந்தாம் அறிக்கையின் 28 போட்டால் 280. ஆறாம் அறிக்கையில் உயிரி மூல மீத்தேனுக்கு 27, ஆக 270. மீட்டர் ஒன்று, விடை மூன்று. வாங்குவோர் மூவரும் வெவ்வேறு பதிப்பைக் கேட்பார்கள், அது நிச்சயம்.

அதனால் மூல அளவுகளைப் பூட்டுங்கள்: எத்தனை லிட்டர் டீசல், எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை கன மீட்டர் தண்ணீர், மீட்டரின் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும். டீசலுக்கு லிட்டருக்கு 2.68 கிலோ என்ற காரணியை வெளியே, பதிப்பு எண்ணோடு வையுங்கள். கணக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம்.

க்யூரிங் ஆலை உங்கள் காப்பியை மட்டும் ஓட்டாது. வெளியார் சரக்கும் அதே மோட்டாரில் ஓடும். அன்றைய மின்சாரத்தை எடை விகிதத்தில் பிரிக்க வேண்டுமானால் வெளியார் சரக்கின் எடையும் பதிவாக வேண்டும். ஆலை அதற்கு முரண்டு பிடிக்கும், அது அவர்கள் வணிக ரகசியம். தனிப்பட்ட தரவுத் தொகுப்பில் வைத்து, தணிக்கையாளர் மட்டும் பார்க்கும்படி செய்தால் வழிக்கு வருவார்கள்.

எடைக்கல் சாருக்கு ஒரு துப்பு: டன்னுக்கு எத்தனை யூனிட் என்பதை வாரவாரம் பாருங்கள். அறிக்கையில் ஏறியிருப்பது 20 டன், மின் மீட்டர் காட்டுவது 16 டன்னுக்கான ஓட்டம் என்றால் மிச்சம் 4 டன் வேறெங்கோ ஓடி வந்த சரக்கு.

---

எடைக்கல் எழுதியது:

அருமை. பொய் சொல்கிறவர் தராசைச் சரிக்கட்டுவார், மின் மீட்டரையும் சேர்த்துச் சரிக்கட்ட நினைப்பு வராது.

---

பேரேடு எழுதியது:

சொன்னபடி நிர்வாகத்துக்கு வருகிறேன்.

பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் கணுக்களை யார் நடத்துகிறார்கள்? ராஃப்ட் முறையில் (பெரும்பான்மைக் கணு ஒப்பினால் போதும்) 5 கணு வைத்தால் 2 விழுந்தாலும் ஓடும். ஆனால் அந்த ஐந்தில் மூன்றை ஏற்றுமதியாளர் நடத்தினால் அவர் நினைத்த நாளில் எல்லாம் நிற்கும். ராஃப்ட் கணு விழுவதைத் தாங்கும், கணு ஏமாற்றுவதைத் தாங்காது. ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்றுதானே பிளாக்செயினுக்கே வந்தீர்கள்? தரப்புக்கு ஒன்று என்று பிரியுங்கள். ஃபேப்ரிக் 3.0இல் ஏமாற்றுக் கணுவையும் தாங்கும் ஸ்மார்ட்பிஎஃப்டி வந்திருக்கிறது. அதில் ஒரு கெட்ட கணுவைத் தாங்கக் குறைந்தது 4 வேண்டும்.

ஒப்புதல் விதி: எடை ஏற்புக்குக் கூட்டமைப்பும் ஆலையும் இருவரும் ஒப்ப வேண்டும். ஏதாவது ஒருவர் போதும் என்று விட்டால், ஐந்து தரப்பு இருந்தும் ஒருவர் எழுதும் பேரேடுதான் அது.

அடையாளச் சான்றிதழ்கள் காலாவதி ஆவதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஃபேப்ரிக்கின் சான்றிதழ் வழங்கி (சிஏ) தரும் சான்றிதழ் இயல்பாக ஓராண்டுக்குத்தான். எல்லாக் கணுவையும் ஒரே நாளில் நிறுவியிருப்பீர்கள், அடுத்த ஆண்டு அதே நாளில், அதாவது சீசன் தொடங்கும் வாரத்தில், ஒன்றாக நிற்கும். 60 நாள் முன்பே புதுப்பிக்கும் தானியங்கி வேலை வேண்டும்.

வெளியே நடப்பதைச் சங்கிலி பார்க்காது என்பதும் மனதில் இருக்கட்டும். அதே காப்பியை ஏற்றுமதியாளர் இன்னொரு சான்றிதழ்த் திட்டத்தில் இன்னொரு முறை உரிமை கொண்டாடினால் உங்கள் பேரேடு வாயைத் திறக்காது. கார்பன் கிரெடிட் உலகில் இது பெரிய குழப்பமாகி, ஏற்கனவே பயன்படுத்தி ஓய்வுபெற்ற கிரெடிட்டுகளை டோக்கனாக்குவதை (சங்கிலியில் விற்கும் வில்லையாக்குவதை) கார்பன் கிரெடிட் வழங்கும் வெர்ரா அமைப்பு 2022 மே மாதம் தடைசெய்தது. ஒரு லாட்டின் உரிமை விற்றுத் தீர்ந்தது என்பதை மற்ற திட்டத்தின் பதிவேட்டிலும் எழுதும் ஒப்பந்தம் தணிக்கை நிறுவனத்தோடு இருக்க வேண்டும்.

---

வரைபடம்7 எழுதியது:

பேரேடு சொன்னதோடு ஒன்று. வாங்குவோரிடம் "மாஸ் பேலன்ஸ்" என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். பாமாயிலில் பழகிய முறையில் சான்றுள்ளதும் சான்றில்லாததும் ஒரே தொட்டியில் கலந்து அளவை மட்டும் கணக்கு வைக்கலாம். காடழிப்பு ஒழுங்குமுறையில் மூலம் தெரியாத சரக்கோடு கலப்பதற்கு இடமில்லை. ஒரு குதிருக்குள் ஒரு மூட்டை அடையாளமற்றது போனாலும் குதிர் முழுக்க அடையாளமற்றதாகிவிடும். குதிர் காலியானதைத் தனி நிகழ்வாகப் பதியுங்கள். காலியாகாத குதிரில் புது லாட் ஊற்றினால் இரண்டு லாட்டும் ஒன்றாகிவிட்டது என்று விதியே எழுதட்டும்.

---

பழக்கூடை எழுதியது:

திட்டத்தை மாற்றிவிட்டேன். படமும் பிடிஎஃப்பும் வெளியே. எடை கிராமில். விவசாயிக்கு ஒரு வரம்புச் சாவி. எல்லைக்கு உப்பு. ஐந்து தரப்புக்கும் ஒவ்வொரு வரிசைக் கணு. கார்பனுக்கு மீட்டர் எண்கள் மட்டும்.

மிஞ்சியது ஒன்று. அழிக்க முடியாத பேரேட்டில் நேர்மையான தவறை எப்படித் திருத்துவது? வேறு விவசாயியின் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டால்?

---

சங்கிலிக்கண்ணி எழுதியது:

ஈபிசிஐஎஸ்ஸில் அதற்கென்றே பிழை அறிவிப்பு இருக்கிறது. பழைய நிகழ்வை அதே அடையாளத்தோடு, பிழை என்ற குறிப்பு, காரணம், சரியான நிகழ்வின் எண் சேர்த்து மறுபடி பதிகிறோம். பழையது அழியாது, செல்லாததாகும். விதியில் மூன்றைச் சேருங்கள்: பிழை அறிவிக்க எழுதியவரும் எதிர்த்தரப்பும் ஒப்ப வேண்டும், லாட் மூடியபின் என்றால் தணிக்கையாளரும் ஒப்ப வேண்டும், முதல் விவசாயியின் வரம்பில் கழித்த 43,000 கிராம் அதே பரிவர்த்தனையிலேயே திரும்ப ஏற வேண்டும். கடைசியை மறந்துவிடுவார்கள், சீசன் முடியும்போது ஒரு நேர்மையான ஆளின் பழத்தை இயந்திரம் மறுக்கும்.

---

எடைக்கல் எழுதியது:

திருத்தங்களை நிலையவாரியாக எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒரே ஆள், ஒரே திசையில், எப்போதும் கூடுதல் பரப்பு உள்ளவர் பெயருக்கே மாற்றிக்கொண்டிருந்தால் அது ஸ்கேன் தவறல்ல.

பிறகு அந்த 650 கிராம் சாக்கு. காய்ந்த சாக்குக்கு அது சரி. மழை நாளில் சணல் சாக்கு தண்ணீர் குடித்துக் கனக்கும். சாக்கு எடையை நிலையான எண்ணாக நிரலில் எழுதிவைக்காமல், தினமும் காலையில் 20 கிலோ சோதனைக் கல்லோடு தராசைச் சரிபார்க்கும்போதே பத்து வெற்றுச் சாக்கையும் எடை போட்டுச் சராசரியை அன்றைய மதிப்பாகப் பதியச் சொல்லுங்கள்.